பிற பொருள்கள்

தொலைபேசி வந்தபோது நான் நூலக வார விழாவுக்கான ஆண்டறிக்கையைப் பென்சிலில் எழுதிக்கொண்டிருந்தேன். எதையும் முதலில் பென்சிலில் எழுதி, இரண்டு முறை படித்துப் பார்த்து, பிறகுதான் பேனாவில் எழுதுவேன். கோடை ஓவியப் பயிற்சி, பள்ளிப் பிள்ளைகளுக்கான கதை நேரம் இரண்டும் முடிந்து, முதியோர் உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்த பகுதிக்கு வந்திருந்தேன். பேசியவர் சம்பூரணம். மஞ்சள் களங்களில் கூலி வேலை செய்பவர், நம் நூலகத்தின் பழைய உறுப்பினர்.

“ஐயா, நம்ம புத்தகத்தம்மா போயிட்டாங்க. காத்தால, சேலத்து ஆஸ்பத்திரியில. மத்தியானம் ஊட்டுக்குக் கொண்டாராங்களாம். நீங்க வாரீங்களா?”

“வருகிறேன் அம்மா” என்றேன். வைத்தவுடன் தாளின் ஓரத்தில் மணி எட்டு நாற்பது என்று குறித்தேன். சூரமங்கலம் ரயில்வே அலுவலகத்தில் தபால் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நேரம் குறித்துப் பழகிய கை அது. எழுதிய பிறகுதான் எதைக் குறித்திருக்கிறேன் என்று பார்த்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தனலட்சுமி அம்மையார் இறந்துவிட்டார் என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. நிம்மதி வந்தது. இனி அவர் என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார் என்ற நிம்மதி. ஒரு நிமிடம்கூட இருந்திருக்காது. ஆனாலும் வந்தது வந்ததுதான். அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி நல்ல வார்த்தைகளாக நான்கு எழுதினால், அவர் விஷயத்தில் நான் செய்த பழைய தவற்றை இன்னொரு முறை செய்தவனாவேன்.

இந்த விழா மலரில் வழக்கமாக என் ஆண்டறிக்கை வரும் பக்கம் இது. அறிக்கையை இந்த ஆண்டு வேறொருவர் எழுதியிருக்கிறார், பின்னால் இருக்கிறது. அம்மையாரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் வாசகர் வட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகவும் கொஞ்சம் விளக்கமாக.

தனலட்சுமி அம்மையார் நம் கிளை நூலகத்தில் பதினோரு ஆண்டுகள் நூலகராக இருந்தார். நான் பணி ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பிய புதிதில் நாளிதழ் படிக்கப் போவேன். வாசலில் உள்ள வருகைப் பதிவேட்டில் வரிசை எண்கள் தவறியிருக்கும். ஒருவர் நாற்பத்தொன்று போட்டால் அடுத்தவரும் நாற்பத்தொன்று போட்டிருப்பார். யாரும் பார்க்காதபோது அவற்றைத் திருத்திக்கொண்டிருப்பேன். ஒருநாள் பின்னால் குரல் கேட்டது.

“ஏனுங்க ஐயா, பத்து நாளா இந்த நோட்டுல பேயி வந்து நம்பர் போட்டுட்டுப் போகுதுன்னு நெனச்சேன். நீங்கதானுங்களா?”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “மன்னிப்பெல்லாம் வேண்டாமுங்க. வாசகர் வட்டத்துக்குச் செயலாளரா இருங்க. எனக்குப் புத்தகத்தக் கொண்டுபோயிச் சேர்க்கத் தெரியும், எழுதி வெக்கத் தெரியாது” என்றார்.

எனக்குத் தகுதியில்லை என்றும் கூட்டத்தில் பேச வராது என்றும் சொல்லிப் பார்த்தேன். “பேச நாங்க இருக்கறமுங்க. நீங்க எழுதுங்க, போதும்” என்றார். அப்படித்தான் தீர்மானப் புத்தகம் என் கைக்கு வந்தது.

அவர் இருந்த காலத்தில் நம் நூலகத்தின் ஆண்டு எப்படி ஓடியது என்று பழையவர்களுக்கு நினைவிருக்கும். மே மாதத்தில் பிள்ளைகள், ஜூனில் கல்லூரி விண்ணப்பங்கள், மழைக்காலத்தில் கண் சிகிச்சை முகாம், நவம்பரில் நூலக வாரம். ஒரு நூலக வாரத்தில் சிறப்பு விருந்தினர் கடைசி நேரத்தில் வரவில்லை. நான் பதறி, விழாவை ஒத்திவைக்கலாமா என்று கேட்டேன். அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சம்பூரணத்தின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போய்த் தலைமை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். “எனக்கு இதுல சாஞ்சு உக்காரவே தெரியாதுங்கம்மா” என்றார் சம்பூரணம். “நுனியில உக்காருங்க. வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் உக்காருவாங்க, கெளம்பற அவசரத்துல” என்றார் அம்மையார்.

அன்று நாளிதழ் வாசிப்புப் போட்டியும் இருந்தது. தலைமை தாங்கிய சம்பூரணமே அதிலும் கலந்துகொண்டார். ‘மஞ்சள் விலை உயர்வு: விவசாயிகள் மகிழ்ச்சி’ என்று தலைப்பைப் படித்தவர் தாளை இறக்கி, “யாருங்க மகிழ்ச்சி? எங்க பக்கத்தூட்டுக்காரரு நேத்து மண்டியில இருந்து மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்தாரு” என்று சபையைக் கேட்டார். கூட்டம் சிரித்து அடங்க நேரமாயிற்று. நான் நடுவர். செய்தியில் இல்லாததைச் சேர்த்ததற்காக இரண்டு மதிப்பெண் குறைத்தேன். அம்மையார் என் தாளை எட்டிப் பார்த்து, “அவங்க படிச்சதோட நிக்காம பதிலும் சொல்லியிருக்காங்க. நீங்க அதுக்குக் கொறைக்கறீங்க. கூட்டுங்கய்யா” என்றார். நான் கூட்டவில்லை. விதிமுறையில் இடமில்லை.

தை பிறந்தால் நம் பக்கத்தில் மஞ்சள் வெட்டு. கிழங்கைத் தோண்டி, வேகவைத்து, களத்தில் காயப் போட்டு, உருண்டைக் கிழங்கு வேறு நீள விரலி வேறாகப் பிரித்து முடிக்கப் பங்குனி ஆகிவிடும். அந்த மூன்று மாதமும் பெண்கள் யாரும் நூலகத்துக்கு வர மாட்டார்கள். வருகைப் பதிவேட்டைப் பார்த்து, ‘பருவகாலக் குறைவு’ என்று நான் அறிக்கையில் எழுதிவிடுவேன். அம்மையார் அப்படி விட்டுவிடவில்லை. ஒரு சாக்கில் இருபது முப்பது புத்தகங்களைப் போட்டுத் தன் மொபெட்டில் கட்டிக்கொண்டு களங்களுக்குப் போகத் தொடங்கினார். மதியச் சோற்று நேரத்தில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பார்களாம். வீட்டுக்கும் எடுத்துப் போவார்களாம். உறுப்பினராக இல்லாதவர்களின் பெயர்களை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்.

எனக்குப் பயமாக இருந்தது. “விதியில் இதற்கு இடமில்லையே அம்மா” என்றேன்.

“விதியில இல்லீங்க. மொபெட்டுல இருக்குதுங்க” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “நீங்க சொல்றதும் நாயந்தான். வாசகர் வட்டமே இதைச் செய்யச் சொல்லித் தீர்மானம் போட்டுட்டா நாளைக்கு யாராச்சும் கேட்டாக் காட்டலாம். வர்ற கூட்டத்துல வெச்சுடலாமுங்க” என்றார்.

கூட்டத்தில் வைத்தார். வந்திருந்த அத்தனை பேரும் சரி என்றார்கள். ஒருவர் சாக்கு தருகிறேன் என்றார். எல்லோரும் தீர்மானப் புத்தகத்தில் வெற்றுப் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எப்போதும்போல, “எழுதிக்குவாரு செயலாளரு” என்று சொல்லிக் கலைந்தார்கள். நான் வீட்டுக்கு வந்து பென்சிலில் அந்தத் தீர்மானத்தை முழுமையாக எழுதினேன். இரண்டு முறை படித்தேன். முதல் கையெழுத்து என்னுடையது என்பது கண்ணில் பட்டது. ஏதாவது புத்தகம் தொலைந்தால், மேலிடத்திலிருந்து கேள்வி வந்தால், முதலில் என் பெயர்தான் வரும் என்று தோன்றியது. பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, பேனாவால் ஒரு வரி எழுதினேன்.

‘பொருள் 4: பிற பொருள்கள் விவாதிக்கப்பட்டன.’

அலுவலகத்தில் இந்த வரியை நூறு முறை எழுதியிருக்கிறேன். எதையும் சொல்லாமல் எல்லாவற்றையும் சொன்னதுபோல் காட்டும் வரி அது. ஓய்வூதியம் வாங்கும் ஒரு கிழவனை யார் என்ன செய்துவிட முடியும்? ஒன்றும் செய்ய முடியாது. இது அன்றும் எனக்குத் தெரியும்.

அடுத்த ஆண்டு, வெட்டு முடிந்த பிறகு இருப்புச் சரிபார்ப்பு நடந்தது. ஆய்வுக்கு ஒரு அலுவலர் வரப்போவதாகச் சொன்னார்கள். சேதமடைந்த நூல்களின் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பை அம்மையார் என்னிடம் தந்தார். நாலு நாள் உட்கார்ந்து செய்தேன். கிழிந்தவை, கரையான் அரித்தவை, மழையில் நனைந்தவை என்று பிரித்தேன். நாலாவதாக ஒரு வகை வந்தது. பக்கம் திருப்பும் மூலையில் மஞ்சள் நிறத்தில் விரல் பதிந்த புத்தகங்கள். சிலவற்றில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பதிந்திருந்தது. எந்தக் களத்திலிருந்து எந்தக் கைகள் அவற்றைத் திருப்பின என்று எனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் தலைப்பு எழுதினேன்: ‘மஞ்சள் கறை படிந்தவை – வாசிப்புக்குத் தகுதியற்றவை’. யாருமே தொடாமல் வெள்ளையாக இருந்தவற்றை ‘நன்னிலை’ என்ற பட்டியலில் சேர்த்தேன். ஒழுங்காகச் செய்துவிட்டேன் என்ற திருப்திகூட அப்போது இருந்தது.

அலுவலர் என் பட்டியலைத்தான் முதலில் எடுத்தார். “ஏம்மா, லைப்ரரிக்குள்ள சாம்பார் வைக்கிறீங்களா?” என்று சிரித்தார். அம்மையார் உள்ளதைச் சொன்னார். அவர் முகம் மாறியது. கெட்ட மனிதர் இல்லை அவர். “உறுப்பினர் இல்லாதவங்களுக்கு வெளியில கொண்டுபோய்க் கொடுத்திருக்கீங்க. நான் இதை எழுதாம இருக்க முடியாது. வாசகர் வட்டத் தீர்மானம் ஏதாவது இருந்தா காட்டுங்க. அது மேல ஒரு வரி எழுதி முடிச்சுடறேன்” என்றார்.

“இருக்குதுங்க சார்” என்று அம்மையார் என்னைப் பார்த்தார்.

அலமாரியிலிருந்து தீர்மானப் புத்தகத்தை எடுத்துவர எனக்குப் பத்து அடி நடக்க வேண்டியிருந்தது. அந்தப் பத்து அடிக்குள் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்: கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள் ஐயா, எழுதாமல் விட்டது நான்தான் என்று. கொண்டுபோய் அம்மையாரின் கையில் கொடுத்தேன். அவர் தேதியைப் பார்த்துப் பக்கத்தைப் பிரித்தார். படித்தார். மேலிருந்து மறுபடியும் படித்தார். நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தார். கோபம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு வரிசை எண் தவறியிருப்பதைப் பார்த்தால் நான் எப்படிப் பார்ப்பேனோ, அப்படிப் பார்த்தார். புத்தகத்தை மூடினார்.

“தீர்மானம் ஒண்ணும் இல்லீங்க சார். நானாத்தான் எடுத்துக்கிட்டுப் போனேன்” என்றார்.

அலுவலருக்குத் தேநீர் வந்தது. எனக்கும் ஒன்று வந்தது. அதைக் கடைசி வரை குடித்தேன். இத்தனை ஆண்டுகளில் என்னை அதிகம் உறுத்துவது அந்தத் தேநீர்தான்.

விளக்கம் கேட்டு அம்மையாருக்குக் குறிப்பாணை வந்தது. அவர் பதில் எழுதினார். அதில் வாசகர் வட்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. சில மாதங்களில் மாவட்டத்தின் மறுகோடியில் கெங்கவல்லிப் பக்கம் மாறுதல். வீடு இங்கே, ஆத்தூர் போய் வேறு பேருந்து மாறி, விடியலில் கிளம்பி விளக்கு வைத்துத் திரும்புவார். ஓய்வு பெறும் வரை அப்படித்தான் போய் வந்தார். களத்துக்குப் புத்தகம் போவது நின்றது. பிரிவு உபசார விழாவை நான்தான் ஏற்பாடு செய்தேன். பேசவும் செய்தேன். அந்த ஆண்டறிக்கையில் ‘நூலகர் மாறுதலில் சென்றார்’ என்று எழுதினேன்.

ஓய்வு பெற்றபின் முதல் நாள் வாசகராக நம் நூலகத்துக்கு வந்தார். பதிவேட்டில் என் பெயருக்குக் கீழே, சரியான வரிசை எண் போட்டுக் கையெழுத்திட்டார். என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து கேட்டார்.

“செயலாளரய்யா, பிற பொருள்கள் எல்லாம் சௌக்கியமுங்களா?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சுற்றியிருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் நாளிதழை எடுத்து விரித்துக்கொண்டேன். அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதே கேள்விதான். சந்தையில், கல்யாண வீட்டில், பேருந்து நிறுத்தத்தில். குத்திக் காட்டும் குரலாக இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். உறவினரின் நலம் விசாரிப்பதுபோலக் கேட்பார். சில நாட்களில் அவர் வரும் நேரம் பார்த்து நான் நூலகத்துக்குப் போகாமல் இருந்திருக்கிறேன். என் வருகை குறைந்ததற்குக் கால் வலி என்று உங்களில் பலரிடம் சொன்னேன். கால் நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் சிரிப்பில்லாமல் பேசினார். இப்போதைய நூலகர் களத்துக்குப் புத்தகம் கொண்டுபோகத் தயாராக இருந்தார். “எழுத்துல ஒண்ணு இருந்தா நான் போறேன் சார்” என்று என்னிடமும் சொல்லியிருந்தார்.

“அந்தப் பொண்ணு சின்னவங்க, இன்னும் எத்தனையோ வருசம் சர்வீஸ் இருக்குது. காயிதம் இல்லாம அனுப்பி, என்னாட்டம் மாட்டிவிடக் கூடாதுங்க” என்றார் அம்மையார். “ஒரே ஒரு வரிதானுங்கய்யா. நான் முன்மொழியறேன். நீங்க எழுதுங்க.”

“அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம் அம்மா” என்றேன். அடுத்த கூட்டத்திலும் அதையே சொன்னேன். தீர்மானம் வந்தால், இதை முன்பே போட்டோமே என்று பழையவர் ஒருவர் கேட்பார். புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டுவார்கள். அந்தப் பக்கம் வெளியே வரும். இதுதான் என் பயம். இரண்டு வெட்டுக்காலம் அப்படியே போயிற்று. களத்துப் பெண்கள் புத்தகம் இல்லாமல் சோறு உண்டார்கள். காரணம் நான்.

சிறுநீரகக் கோளாறு முற்றி அவர் சேலத்து மருத்துவமனையில் இருந்தபோது ஒருமுறை போய்ப் பார்த்தேன். மெலிந்திருந்தார். குரல் மட்டும் பழைய குரல்.

“பிற பொருள்கள்...” என்று தொடங்கினார்.

“இந்த முறை எழுதிவிடுகிறேன் அம்மா.”

“பென்சில்லயா, பேனாவுலயா?”

அவருடைய மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பேனாவில் என்றேன். அம்மையார் கண்ணை மூடிக்கொண்டு, “வெட்டு ஆரம்பிக்கறதுக்குள்ள எழுதிருங்க, சாமி” என்றார். என்னைவிடப் பத்து வயது இளையவர். பிள்ளையைத் தேற்றுவதுபோல என்னைச் சாமி என்றார். அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அது. அதற்குப் பிறகு மூன்று வாரம் இருந்தார். அந்த மூன்று வாரத்தில் ஒரு கூட்டத்தைக் கூட்டியிருக்கலாம். ஆண்டறிக்கை வேலை இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

இறுதிச் சடங்கன்று சம்பூரணம் என் கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொடுத்தார். மாறுதலில் போகும்போது அம்மையார் அவரிடம் ஒப்படைத்ததாம். பெயர், புத்தகம், கொடுத்த நாள், திரும்பிய நாள். வீட்டுக்கு வந்து முதலிலிருந்து கடைசி வரை சரிபார்த்தேன். ஒரு புத்தகம்கூடத் திரும்பாமல் இல்லை. எழுதி வைக்கத் தெரியாது என்று என்னிடம் சொன்னவர் எழுதிய நோட்டு அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டம். வந்திருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்காகச் சொல்கிறேன். இரங்கல் தீர்மானம் முடிந்ததும் நான் எழுந்து, பழைய தீர்மானப் புத்தகத்தைப் பிரித்து, அந்த ஒரு வரியைப் படித்தேன். அன்று உண்மையில் என்ன முடிவாயிற்று, அலுவலர் கேட்டபோது என்ன நடந்தது என்று சொன்னேன். பழைய பக்கத்தில் இப்போது ஒன்றும் சேர்க்கக் கூடாது. அது முறையில்லை. ஆகவே புதிய பக்கத்தில், ‘பொருள் 1: மஞ்சள் களங்களுக்கு நூல்களைக் கொண்டு செல்லுதல்’ என்று எழுதினேன். எல்லோரும் கை தூக்கினார்கள். சம்பூரணம் மட்டும் தூக்காமல் எழுந்து நின்றார்.

“ஏனுங்கய்யா, அந்தம்மா உசுரோட இருக்கறப்ப இதை எழுதியிருக்கலாமுங்களே?”

கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து கையைத் தூக்கினார்.

அவர் கேட்டதையும் அங்கேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதினேன். அதற்குக் கீழே, ‘செயலாளரிடம் பதில் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். முதலில் பென்சிலில் எழுதிப் பார்க்கவில்லை.

செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்றேன். வரும் வெட்டுக்காலம் முடியும் வரை இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். களத்து நோட்டை எழுத ஒருவர் வேண்டுமாம். இருக்கிறேன்.

அம்மையாரின் நோட்டை நூலகத்தில் சேர்த்துவிட்டேன். நான் தகுதியற்றவை என்று எழுதியதால் கழிக்கப்பட்ட, மஞ்சள் விரல் பதிந்த புத்தகங்களில் சில அவர் வீட்டில் இருந்தன. அவற்றை அவர் மகள் களத்துக்கே தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே அவர் நினைவாக எடுத்துவைத்துக்கொள்ள என்னிடம் பொருள் எதுவும் இல்லை. இரண்டு சொற்கள் இருக்கின்றன. அவர் சிரித்துக்கொண்டே கேட்ட குரலோடு இருக்கின்றன. இனி எந்தத் தீர்மானப் புத்தகத்திலும் அவற்றை நான் எழுத மாட்டேன். அவர் என்னிடம் நலம் விசாரித்தாரே, அந்த இரண்டு சொற்களையும் நான் வைத்துக்கொள்கிறேன்.